மாலத்தீவில் நர்ஸ் சுறாவுக்கு மீன் போடுவது சரியா?

உப்புக்காற்று: போன மாதம் வாவு பவளத்தீவுக் கூட்டத்தில் உள்ள ஃபுலிதூவுக்குப் போயிருந்தோம். மீன் துண்டு போட்டதும் நர்ஸ் சுறாக்கள் இடுப்பளவுத் தண்ணீரில் வந்து மொய்த்தன. என் மகள் பக்கத்திலேயே நின்றாள். பூனைக்குட்டி மாதிரி உரசிவிட்டுப் போயின. இதைத் தடை செய்ய வேண்டும் என்று அலைமகன் நேற்று எழுதியிருந்தார். ஏன் சார்?

அலைமகன்: மூன்று மீட்டர் வரை வளரும் பூனைக்குட்டி! சீண்டினால் கடிக்கும், கவ்வினால் லேசில் விடாது. ஆனால் என் கவலை கடி இல்லை. பகலில் பாறைக் குகையில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்துக் கிடக்கிற சாதி இது. மூச்சுக்காக நீந்திக்கொண்டே இருக்க வேண்டியதில்லை. படுத்தபடியே வாயால் தண்ணீரை இழுத்துச் செவுள் வழியாகத் தள்ளும். வேட்டை இரவில்தான். பேய்க்கணவாய், நண்டு, சிங்கி இறாலைப் பொந்தில் வாய் வைத்து உறிஞ்சி எடுக்கும். அதைப் பட்டப்பகலில் எழுப்பி, மனுசன் கையைப் பார்த்துக் காத்திருக்கப் பழக்குகிறோம்.

தோணித்துறை: தூத்துக்குடித் தோணியில் மாலேவுக்குச் சரக்கு கொண்டுபோனவர் என் தாத்தா, அதனால் கொஞ்சம் சொல்ல உரிமை உண்டு. ஒரு காலத்தில் அங்கே சுறா என்றால் ஈரல் எண்ணெய், மரப் படகுக்குப் பூச. அப்புறம் சுறாவின் உடம்பில் இருக்கிற துடுப்புக்காக வெளிநாட்டு வியாபாரம். 2010இல் சுறாப் பிடிப்புக்கே முழுத் தடை வந்தது. உயிரோடு இருக்கிற சுறாவைப் பார்க்க ஆள் காசு கொடுக்கிறான், அதுதான் தடைக்குத் தூண். அதில் கை வைக்காதீர்கள்.

அலைமகன்: பார்ப்பதை யார் வேண்டாம் என்றது? போடுவதைத்தான் சொல்கிறேன். அதே வாவுவில் இருக்கிற அலிமதா என்ற விடுதித் தீவின் படகுத்துறையில் இரவில் முக்குளித்துப் பார்க்கிறார்களே.

தோணித்துறை: அங்கே மட்டும் சும்மாவா வந்தன? மிச்சம் மீதியைத் தண்ணீரில் கொட்டிக் கொட்டிக் கூட்டம் சேர்த்த இடம்தான் அதுவும்.

அலைமகன்: சரி, அது நல்ல உதாரணம் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும் ஆபத்தில் இருக்கிற உயிரினங்களைக் கணக்கெடுக்கும் உலகச் செம்பட்டியலில் இந்த இனம் அழியக்கூடியவை வரிசையில் இருக்கிறது. ஒரே கரையில் பழக்கிவிட்டு, நாளைக்குத் தடை தளர்ந்தால்? பிடிப்பவனுக்கு வலைகூட வேண்டாம்.

உப்புக்காற்று: இது எனக்குத் தோன்றவில்லை. அடுத்த முறை மீன் போடாமல் கூட்டிப்போகிற ஆளாகப் பார்க்கிறேன். ஆனால் போடாவிட்டால் வருமா?

அலைமகன்: வராமலும் போகலாம். திருக்கை பாருங்கள்.

தோணித்துறை: அந்தத் திருக்கைக்கும் அதே கரையில் அதே மீன்தான் போடுகிறார்கள், அண்ணாச்சி.