உள்நுழைவுத் திரையில் தமிழ் கட்டம் கட்டமாக வருகிறது, அவசர உதவி

பாம்பன்கரை: லினக்ஸ் இயங்குதளத்தில் மொழியைத் தமிழுக்கு மாற்றினேன். உள்ளே போனால் மெனு, தேதி எல்லாம் தமிழில் அழகாக இருக்கிறது. ஆனால் கடவுச்சொல் கேட்கும் முதல் திரையில் எழுத்துக்குப் பதில் வெறும் கட்டங்கள். தங்கச்சிமடத்தில் படகுக்காரர்கள் டீசல், ஐஸ் கணக்கு எழுத வைத்திருக்கும் கணினி இது. ஜூன் 14-ல் மீன்பிடித் தடைக்காலம் முடிந்து கடலுக்குப் போய்விட்டால் பழக்கிக்கொடுக்க ஆள் கிடைக்காது. சீக்கிரம் சொல்லுங்கள்.

தொண்டித்தம்பி: எந்த லினக்ஸ் அண்ணே? உபுண்டுவா, மின்டா, டெபியனா? முதல் திரையைக் காட்டும் நிரல் ஜிடிஎம்மா, லைட்டிஎம்மா? எதுவும் சொல்லாமல் எப்படிப் பார்ப்பது?

கீழக்கரைவாசி: லொக்கேல், அதாவது மொழிக்கான அமைப்பு, உருவாகியிருக்காது. எனக்கு எப்போதும் அதுதான் காரணம். ஈடிசி அடைவில் (ஃபோல்டரில்) லொக்கேல்-ஜென் கோப்பைத் திறந்து, இந்தியத் தமிழ் வரிக்கு முன்னால் உள்ள # குறியை எடுங்கள். அப்புறம் அதே பெயருள்ள கட்டளையை ரூட்டாக, அதாவது நிர்வாகி உரிமையோடு, ஓட்டுங்கள்.

முனையமூத்தவர்: அடிப்படை தெரியாமல் பதில் எழுதாதீர்கள் தம்பி. லொக்கேல் இல்லையென்றால் திரை ஆங்கிலத்தில் வரும், கட்டமாக வராது. கட்டம் வந்தாலே மொழி சரி, எழுத்துரு கிடைக்கவில்லை என்று பொருள். கேட்டவர் எழுத்துருவை எங்கே வைத்தார் என்று முதலில் கேட்டிருக்க வேண்டும்.

பாம்பன்கரை: டெபியன் 12, டெஸ்க்டாப் எக்ஸ்எஃப்சிஈ. முதல் திரை லைட்டிஎம் என்று நினைக்கிறேன். எழுத்துருவைப் பென்டிரைவில் கொண்டுவந்து எனக்கென்று இருக்கும் ஹோம் அடைவில்தான் போட்டேன்.

தொண்டித்தம்பி: அதுதான் விஷயம். முதல் திரை உங்கள் பெயரில் ஓடுவதில்லை, லைட்டிஎம் என்ற தனிப் பயனராக ஓடுகிறது. உங்கள் ஹோமில் இருக்கும் எழுத்துரு அதன் கண்ணில் படாது. இணையம் இருந்தால் லோஹித் தமிழ் எழுத்துருப் பொதியை ஏப்ட் என்ற நிறுவும் கட்டளையால் நிறுவுங்கள், அதுவே போதும். இல்லையென்றால் யூஎஸ்ஆர், லோக்கல், ஷேர், ஃபான்ட்ஸ் என்று உள்ளே போய் அந்தக் கோப்பை ரூட்டாக நகலெடுங்கள். எல்லோரும் படிக்கும்படி அனுமதி 644 இருக்கட்டும். பிறகு எழுத்துருப் பட்டியலைப் புதுப்பிக்கும் எஃப்சி-கேஷ் கட்டளையை ஓட்டி, கணினியை மறுதொடக்கம் செய்யுங்கள். லைட்டிஎம்மை மட்டும் மறுதொடக்கம் செய்தாலும் திறந்திருக்கும் வேலை எல்லாம் மூடிவிடும், சேமித்துவிட்டுச் செய்யுங்கள்.

கீழக்கரைவாசி: அப்படியே அந்தத் திரையின் விசைப்பலகையையும் தமிழ்99 என்ற தமிழ் விசை முறைக்கு மாற்றிவிடுங்கள். பாதி ஆங்கிலம் பாதி தமிழ் எதற்கு?

முனையமூத்தவர்: வேண்டவே வேண்டாம். கடவுச்சொல் புள்ளி புள்ளியாகத்தான் தெரியும். ஆங்கிலத்தில் வைத்த சொல்லைத் தமிழ் விசையில் அடித்தால் எங்கே தப்பு என்றே தெரியாமல் வெளியே நிற்பார்கள்.

தட்டச்சுஅக்கா: ராமநாதபுரத்தில் பழைய தமிழ்த் தட்டச்சு படித்துப் பரீட்சை எழுதியவர்கள் நிறைய பேர். அவர்களுக்குத் தமிழ்99 கைக்கு வராது. எல்லோருக்கும் அதையே ஏன் திணிக்கிறீர்கள்?

கீழக்கரைவாசி: தமிழ்99 அரசே 1999-ல் தரப்படுத்தியது அக்கா. குறிலும் நெடிலும் இடது கை, மெய் பெரும்பாலும் வலது கை. புதிதாகப் படிக்கும் பிள்ளைகள் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறார்கள்.

தட்டச்சுஅக்கா: புதிதாகப் படிப்பவர்களுக்குச் சரி தம்பி. இருபது வருடம் தட்டச்சு செய்த விரலுக்கு யார் பதில் சொல்வது?

தொண்டித்தம்பி: இரண்டு விசை முறையும் உள்ளே போனபிறகு ஐபஸ் என்ற தட்டச்சு நிரலில் கிடைக்கும், அதற்கான எம்17என் பொதி போட்டால் போதும். பயனர் உள்ளே வந்தபிறகுதான் ஐபஸ் ஓடும், முதல் திரைக்கு உதவாது. பாம்பன் அண்ணே, எழுத்துரு வந்ததா?

பாம்பன்கரை: லோஹித் போட்டேன், வந்துவிட்டது. விசைப்பலகை ஆங்கிலத்திலேயே இருக்கட்டும். நன்றி தம்பி. அக்கா, அந்தத் தட்டச்சு முறையையும் சேர்த்துவிடுகிறேன், இங்கே கணக்கு எழுதும் பெரியவர் அதில்தான் பழகியவர்.