பியாலியாட்ஸ்கி மேல் போட்டது நிஜ வரி வழக்கா?

பாலக்கோடு வாசகர்:
டிசம்பர் 10 மனித உரிமை நாளுக்கு தர்மபுரியில் எங்கள் வாசகர் வட்டத்தில் பெலாரஸின் மனித உரிமைச் செயல்பாட்டாளர் அலெஸ் பியாலியாட்ஸ்கி பற்றிப் பேசுகிறோம். "2011ல் அவர் உள்ளே போனது வரி ஏய்ப்புக்குத்தானே, வெளிநாட்டு வங்கியில் பணம் இருந்ததே?" என்று கண்டிப்பாகக் கேட்பார்கள். பணம் இருந்தது உண்மைதான். பிறகு எப்படி அதை அரசியல் வழக்கு என்பது?

ஓசூர் கணக்கர்:
வரியில் ஆரம்பிக்காதீங்க, பதிவு ரத்தில் ஆரம்பிங்க. அவர் 1996ல் தொடங்கிய வியாஸ்னா, அரசியல் கைதிகளுக்கும் அவங்க குடும்பத்துக்கும் உதவிய அமைப்பு. 2003ல் உச்ச நீதிமன்றம் அதன் பதிவை ரத்து செய்தது. மறுபடி விண்ணப்பித்தும் கிடைக்கலை. பதிவு இல்லாத சங்கத்துக்கு உள்நாட்டு வங்கியில் கணக்கு கிடையாது. அதோடு 2005 கடைசியில் குற்றவியல் சட்டத்தில் 193-1 என்று ஒரு பிரிவைச் சேர்த்தாங்க: பதிவில்லாத அமைப்பின் பெயரில் இயங்கினாலே 2 வருஷம் வரை சிறை.

அதனால் லித்துவேனியாவிலும் போலந்திலும் தன் பெயரிலேயே கணக்கு வைத்து நன்கொடை வாங்கினார். "கணக்கு உன் பெயர், அப்போ வருமானமும் உன்னுடையது, ஏன் காட்டலை?" இவ்வளவுதான் வழக்கு. சங்கப் பணம் என்று சொன்னால் 193-1 காத்திருக்கு, சொல்லாவிட்டால் வரி ஏய்ப்பு. மகளிர் குழுவின் சேமிப்பை ஊக்குநர் பெயரில் போட்டு வைத்தால், அது அவர் சம்பளம் என்று வரி கேட்கிற மாதிரி.

அரூர் வழக்கறிஞர்:
மேலே சொன்னது சரி. ஆனால் கணக்கு விவரத்தைக் கொடுத்தது யார் என்பதையும் சொல்லுங்கள். பெலாரஸ் உளவு பார்த்துப் பிடிக்கவில்லை. சட்ட உதவி ஒப்பந்தப்படி கேட்டது, லித்துவேனியாவும் போலந்தும் கொடுத்துவிட்டன. கோரிக்கையில் இருந்தது சாதாரண வரி விசாரணை. பெயர் யாருடையது என்று அங்கே ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. பிறகு மன்னிப்புக் கேட்டார்கள், என்ன பயன்? ஆகஸ்ட் 4ல் கைது, நவம்பரில் நாலரை ஆண்டு தண்டனை. 2014 ஜூனில்தான் வெளியே வந்தார். சங்கம் சேரும் உரிமை மீறப்பட்டது என்று ஐநா மனித உரிமைக் குழு அதே ஆண்டு சொன்னது.

2021 ஜூலையில் மறுபடி கைது. இந்த முறை பணக் கடத்தல், பொது ஒழுங்கைக் குலைக்கும் செயல்களுக்கு நிதி. 2022 நோபல் அமைதிப் பரிசு சிறையில் இருக்கும்போது வந்தது. 2023 மார்ச்சில் 10 ஆண்டு தீர்ப்பு. 2025 டிசம்பரில் விடுதலையாகிவிட்டார், பழைய போஸ்டரில் "இன்னும் சிறையில்" என்றிருந்தால் மாற்றிவிடுங்கள்.

அங்கே இன்னும் சிறையில் இருக்கும் மற்றவர்களுக்காக ஐநாவில் முறையிடலாமா என்று கேட்டால்: தனிநபர் முறையீட்டுக்கான ஐநா நெறிமுறையிலிருந்து பெலாரஸ் விலகியது 2023 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அதற்குப் பிந்தைய மீறல்களுக்கு அந்தக் குழுவிடம் போக முடியாது. தன்னிச்சைக் காவல் பற்றிய ஐநா பணிக்குழு இன்னும் திறந்திருக்கிறது. உள்நாட்டு மேல்முறையீடு முடிய வேண்டும் என்ற நிபந்தனை அங்கே இல்லை. அரசுக்குப் பதில் சொல்ல 60 நாள். கைதியோ குடும்பமோ சம்மதித்ததா என்பதை மட்டும் முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும். கேட்காமல் அனுப்பினால் சிக்கல் அவர்களுக்குத்தான்.

காவேரிப்பட்டினம்:
நம்ம பக்கத்துப் பிள்ளைகள் மின்ஸ்க், க்ரோட்னோவில் மருத்துவம் படிக்கிறாங்க. கூட்டத்துப் படம், வியாஸ்னா லிங்க் எதையும் அவங்க இருக்கிற வாட்ஸப் குரூப்பில் போடாதீங்க. 2023 ஆகஸ்டில் வியாஸ்னாவைத் தீவிரவாத அமைப்பு என்று அறிவிச்சாச்சு. தடை செய்த டெலிகிராம் சேனலில் உறுப்பினராக இருந்தாலே நிர்வாகக் குற்றச் சட்டம் 19.11ன்படி 15 நாள் வரை உள்ளே வைக்கலாம். எல்லையில் போனைத் திறந்து பார்ப்பதும் உண்டு. செய்தியை அழித்தாலும் வாட்ஸப் தானாகவே கேலரியில் சேமித்த படம் அங்கேயே கிடக்கும், சேனல் சந்தாவும் அப்படியே இருக்கும். அங்கே இருக்கிற பிள்ளைக்கு விளக்கணும்னா ஊருக்கு வந்தப்புறம் நேரில் சொல்லுங்க.