ப்ராஸ்டேட் பயிற்சி மாடல்ல ஊசி கிரிட்டுக்கு மேல தள்ளித் தெரியுது, உதவி வேணும்

நேட்டால்_தம்பி:
வணக்கம் அண்ணன்மாரே அக்காமாரே. தென்னாப்பிரிக்கா டர்பன்ல ரேடியோதெரபி பக்கம் வேலை. புத்துநோய்க்கு ப்ராஸ்டேட் சுரப்பிக்குள்ள அயோடின்-125 சீட் (கதிர்வீச்சு தர்ற குட்டி விதை) வைக்கிற பிராக்கிதெரபிய புது டாக்டருங்க ஆள் மேல கை வைக்கிறதுக்கு முன்னாடி பழகட்டும்னு ஒரு மாடல் செஞ்சோம், ஏன்னா வெளிநாட்டு மாடல் விலைய ராண்ட்ல கணக்கு போட்டா கட்டுப்படியாகல. தூண்டில்காரங்க ரப்பர் மீன் வார்க்கிற பிளாஸ்டிக்க காய்ச்சி ஊத்தி, உள்ள 40 சிசி அளவுல ப்ராஸ்டேட், கீழ அல்ட்ராசவுண்ட் ப்ரோப் போக வழி எல்லாம் வச்சாச்சு. படம் அருமையா வருது. ஆனா டெம்ப்ளேட்ல (ஊசிக்கு வழிகாட்டுற ஓட்டைத் தட்டு) 1ஆம் வரிசை ஓட்டையில 18 கேஜ் ஊசிய விட்டா சரியான புள்ளியில தெரியுது, 3ல கொஞ்சம் மேல, 5ல கிட்டத்தட்ட 4 மில்லிமீட்டர் மேல. ஓட்டைக்கு ஓட்டையே 5 மில்லிமீட்டர்தான்! மெஷின் திரையில ஓட்டைங்க இடத்த காட்டுற புள்ளிக் கட்டத்த, அதான் கிரிட்ட, ஏத்தி சரிபண்ணிடலாம்னு சீனியர் சொல்றார், செய்யலாமா?

பிசிக்ஸ்_அக்கா:
தம்பி கிரிட்ட தொடாதீங்க, தயவுசெஞ்சு. அதே மெஷின்தானே நோயாளிக்கும்? யாராவது திருப்பி மாத்த மறந்தா நிஜ ஆளுக்கு சீட் இடம் மாறி விழும், யூரித்ராவும் (மூத்திரக் குழாய்) ரெக்டமும் (மலக்குடல்) மில்லிமீட்டர் கணக்குல பக்கத்துல இருக்கு.

டெம்ப்ளேட் இடம் மாறியிருந்தா எல்லா வரிசையிலயும் ஒரே அளவு தள்ளும். உங்களுக்கு தூரம் போகப் போக கூடுது, அப்ப அது ஒலி வேகம். மெஷின் எல்லாத்தையும் உடம்புன்னு நெனச்சு செகண்டுக்கு 1540 மீட்டர்னு கணக்கு போடும், அந்த பிளாஸ்டிக்ல 1400 பக்கம்தான், எதிரொலி லேட்டா வரும், லேட்டா வந்தா தூரமா இருக்குன்னு வரைஞ்சிடும். 1க்கும் 5க்கும் நடுவுல 40 மில்லிமீட்டர் (எண்ணுக்கு எண் 10, நடுவுல அரை வரிசை ஓட்டைங்க), அத 1540ஆல பெருக்கி 1400ஆல வகுங்க, 44. ஓரத்து ஓட்டைங்க வெளிப்பக்கமா விரியுதா?

நேட்டால்_தம்பி:
ஆமாக்கா விரியுது! தண்ணித் தொட்டியில செக் பண்ணப்பவும் லேசா தள்ளுச்சு, அத விட்டுட்டோம்.

பிசிக்ஸ்_அக்கா:
ரூம் சூட்டுத் தண்ணியில 1480தான், அதான் தள்ளுது. 48 டிகிரி பக்கம் சுடுதண்ணியில இல்ல அளவா உப்பு கலந்து 1540க்கு கொண்டுவந்து செக் பண்ணுங்க, அதுலயும் தள்ளினா மட்டும் டெம்ப்ளேட்ட சந்தேகப்படுங்க.

தூண்டில்காரன்:
அந்த பிளாஸ்டிக் காய்ச்சுற புகை ரொம்ப கெட்டது தம்பி, மூடின ரூம்ல வேணவே வேணாம்.

போர்ட்லூயிஸ்_அண்ணா:
பிளாஸ்டிக்க விட்டுட்டு ஜெலட்டினுக்கு வாங்க. ப்ராஸ்டேட்ட மட்டும் கடல்பாசியில வார்த்துக்கோங்க, அது ஒருதடவ உறைஞ்சா 85 டிகிரி வரைக்கும் உருகாது, அதனால 40க்கு கீழ ஆறின ஜெலட்டின சுத்தி ஊத்தினா உள்ள இருக்கிறது கரையாம அப்படியே நிக்கும். கொஞ்சம் கிளிசரின் சேத்தா ஒலி வேகம் ஏறும். இசப்கோல் உமி ரெண்டுலயும் வேற வேற அளவு போடுங்க, அப்பதான் திசு மாதிரி புள்ளிபுள்ளியா வந்து ஓரமும் பிரிஞ்சு தெரியும். நுரைய வழிச்சு எடுத்துடுங்க, ஒரு குமிழி உள்ள மாட்டினாலும் சீட் மாதிரியே வெள்ளையா மின்னி ஏமாத்திடும். உங்க ஊர் பிப்ரவரி வெக்கையில வெளிய வச்சா உருகும், ஃப்ரிட்ஜ்லயும் சீக்கிரம் பூசணம் பிடிக்கும், கரண்ட் கட்டுக்கு ஐஸ் பெட்டி ரெடியா வச்சுக்கோங்க.

நேட்டால்_தம்பி:
செஞ்சு பாத்துட்டோம், 5ஆம் வரிசையும் புள்ளியிலேயே வருது, ரொம்ப நன்றிண்ணா, நன்றிக்கா. ஊசித் தடம் விழுந்தா வெளி ஜெலட்டின உருக்கி மறுபடி ஊத்திடுறோம். இப்ப சீனியர் சொல்ற குறை, நிஜத்துல ஊசி குத்துறப்ப ப்ராஸ்டேட் நகருமே, இது கல்லாட்டம் நிக்குதுங்கறார்.

பிசிக்ஸ்_அக்கா:
அவர் சொல்றது ரொம்ப சரி, அது இல்லாம பழகினா பாதிதான் பழகினது. நிஜத்துல ஊசி தள்ளுற வேகத்துல சுரப்பி மூத்திரப்பை பக்கமா ஏறும், சுழலவும் செய்யும், அதனாலதான் முதல்ல ரெண்டு மூணு ஊசி குத்தி நிறுத்திப் பிடிக்கிறாங்க. ப்ராஸ்டேட்ட சுத்தி மட்டும் ஒரு விரல் கனத்துக்கு ஜெலட்டின் பொடி குறைச்ச இளக்கமான அடுக்கு ஊத்துங்க, அதுக்கு வெளிய இப்ப இருக்கிற கெட்டியே இருக்கட்டும். மூத்திரப்பைக்கு தண்ணி நிரப்பின பலூன் வச்சா எவ்ளோ ஏறுதுன்னு சேஜிட்டல் (நீளவாக்கு) படத்துலயே அளந்துடலாம்.