சமையலறைக் குழாய் மூடிய பிறகும் சொட்டுகிறது. வாஷர் போதுமா, குழாயையே மாற்ற வேண்டுமா?

கெடிலக்கரை:

வணக்கம். கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். சமையலறை சிங்க்குக்கு மேலே சுவரில் இருக்கும் குழாய் மூன்று வாரமாகச் சொட்டுகிறது. முதலில் கொஞ்சம் இறுக்கி மூடினால் நின்றது. அடுத்த வாரம் இன்னும் இறுக்க வேண்டியிருந்தது. இப்போது நான் முழு பலத்தையும் போட்டுத் திருகினாலும் நிற்கவில்லை. என் மாமியாருக்கு மணிக்கட்டு வலி உண்டு, அவரால் இந்தக் குழாயை மூடவே முடியவில்லை. சமையலறையை ஒட்டிய அறையில்தான் படுக்கிறார். சிங்க்கில் ஒரு எவர்சில்வர் தட்டு கிடந்தால் போதும், ராத்திரி முழுக்க டக் டக் என்று கேட்கிறது என்கிறார். தினமும் படுக்கும் முன் அடியில் ஒரு துணியை மடித்துப் போட்டு வைக்கிறேன்.

நேற்று அளந்து பார்த்தேன். 200 மில்லி டம்ளர் சரியாக 15 நிமிடத்தில் நிறைந்தது. மணிக்கு 800 மில்லி, ஒரு நாளைக்கு 19 லிட்டருக்கு மேல். நான்கு குடித்தனத்துக்கும் மேலே ஒரே டேங்க், மோட்டார் காலையில் ஒரு தடவைதான் ஓடும். சாயங்காலம் கீழ் வீட்டில் தண்ணீர் இல்லை என்று சொல்லும்போது எனக்குக் குற்ற உணர்ச்சியாக இருக்கிறது.

இரண்டு பிளம்பர்களைக் கூப்பிட்டேன். ஒருவர் “ஒரு வாஷருக்காக வர முடியாதும்மா, வேற வேலை இருந்தா சேர்த்துச் சொல்லுங்க” என்றார். இன்னொருவர் வந்து நின்றபடியே பார்த்துவிட்டு, குழாயை மாற்ற வேண்டும், கூலியோடு 900 ரூபாய் என்றார். கழற்றிக்கூடப் பார்க்கவில்லை.

குழாய் பழைய பித்தளை. பூச்சு அங்கங்கே உரிந்து பச்சை பூத்திருக்கிறது. திறக்க நான்கைந்து சுற்று சுற்ற வேண்டும். வாயைச் சுற்றி வெள்ளையாக உப்பு. வீடு 1998இல் கட்டியது என்று வீட்டுக்காரர் சொன்னார். கணவருக்கு நெய்வேலியில் ஷிஃப்ட் வேலை, அவர் வரும்வரை காத்திருக்காமல் நானே செய்துவிட நினைக்கிறேன். கையில் இருப்பது ஒரு திருப்புளி, கட்டிங் பிளேயர், ஒரு அட்ஜஸ்டபிள் ஸ்பேனர். எங்கே ஆரம்பிப்பது?

புதுப்பாளையம்:

பழையதைக் கட்டிக்கொண்டு அழ வேண்டாம் சகோதரி. கால் சுற்றில் திறந்து மூடும் புது மாடல் குழாய் வாங்கி மாட்டிவிடுங்கள். பழையதைத் திருகி எடுத்து, புதுசின் மரையில் டெஃப்லான் டேப் சுற்றி ஏற்றினால் பத்து நிமிட வேலை. நான் போன வருடம் அப்படித்தான் செய்தேன். மாமியாருக்கும் சுலபமாக இருக்கும்.

முதுநகர்க்காரன்:

அம்மா, அவசரப்பட்டுக் குழாயைச் சுவரிலிருந்து திருகி எடுக்க வேண்டாம். மேலே தம்பி சொன்னது புது வீட்டுக்குச் சரி. 1998இல் கட்டிய வீடு என்றால் சுவருக்குள் இரும்புப் பைப்பாக இருக்க வாய்ப்பு அதிகம். நம் ஊர் உப்புத் தண்ணீரில், குழாய் மாட்டியிருக்கும் எல்போவின், அதாவது சுவருக்குள் இருக்கும் வளைவு இணைப்பின், மரை இத்தனை வருடத்தில் எப்படித் துருப்பிடித்திருக்கும் என்று யாருக்கும் தெரியாது. குழாயைத் திருகும்போது மரை பாதி உள்ளேயே முறிந்து நின்றால் டைல்ஸை உடைக்க வேண்டிவரும். வாடகை வீட்டில் அந்தத் தலைவலி எதற்கு?

கடலூர் ஓல்டு டவுனில் லேத் பட்டறையில் 31 வருடம் பித்தளை கடைந்தவன் நான். உங்கள் குழாய் கனமான வார்ப்பாக இருந்தால் அதன் உடம்பு உங்கள் பேரப்பிள்ளை காலம் வரை வரும். தேய்வது உள்ளே இருக்கும் ஒரு சின்ன ரப்பர் வட்டம் மட்டும்தான்.

அது எப்படி வேலை செய்கிறது என்று புரிந்துகொண்டால் பயம் போய்விடும். கைப்பிடியோடு சேர்ந்து சுற்றும் தண்டைத்தான் ஸ்பிண்டில் என்கிறோம். அதன் அடியில் காளான் மாதிரி ஒரு பித்தளைத் துண்டு, அதன் முகத்தில் வாஷர். குழாயின் வயிற்றுக்குள் தண்ணீர் ஏறி வரும் துளையைச் சுற்றி ஒரு விளிம்பு இருக்கும், அதை சீட் என்போம். நீங்கள் மூடும்போது வாஷர் சீட்டின் மேல் உட்கார்ந்து துளையை அடைக்கிறது. ரப்பர் காய்ந்து கல் மாதிரி ஆனாலோ, நடுவில் உப்புத் துணுக்கு மாட்டினாலோ அடைப்பு முழுமையாகாது. அப்போது நாம் இன்னும் இறுக்குகிறோம். அந்த இறுக்கத்தில் ரப்பர் வெட்டுப்படும், பிறகு சீட்டும் அடிபடும். அதனால் இன்று முதல் இறுக்குவதை நிறுத்துங்கள். சொட்டினால் சொட்டட்டும், அடியில் ஒரு பாத்திரம் வைத்து அந்தத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றுங்கள்.

கழற்றும் முன் ஒன்றைப் பாருங்கள். மூடியிருக்கும்போது வாய் வழியாகச் சொட்டினால் வாஷர் அல்லது சீட். திறந்திருக்கும்போது மட்டும் கைப்பிடியின் கழுத்தில் கசிந்தால் அது கிளாண்ட், அதாவது ஸ்பிண்டிலைச் சுற்றித் தண்ணீர் கசியாமல் அடைக்கும் இடம், அது வேறு வேலை. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் முதல் வகைதான்.

மாடியில் டேங்கிலிருந்து இறங்கும் பைப்பில் கேட் வால்வு இருக்கும், அதை மூடுங்கள். பிறகு சமையலறைக் குழாயைத் திறந்து பைப்பில் நிற்கும் தண்ணீரை வடிய விடுங்கள். சிங்க் துவாரத்தில் ஒரு துணியை அடைத்துவிடுங்கள், சின்ன ஸ்குரூ உள்ளே போனால் அவ்வளவுதான். கைப்பிடியின் தலையில் இருக்கும் ஸ்குரூவை எடுத்துக் கைப்பிடியைத் தூக்குங்கள். உள்ளே ஆறுபட்டையாக ஒரு பாகம் தெரியும், ஸ்பேனரை அதில்தான் போட வேண்டும்.

இங்கேதான் நிறையப் பேர் தவறு செய்கிறார்கள். ஒரு ஸ்பேனரை மட்டும் போட்டு முறுக்கினால் மொத்தக் குழாயும் சுவரில் சுற்றும். இன்னொரு ஸ்பேனரால், இல்லையென்றால் பைப் ரிஞ்சால், குழாயின் உடம்பை அசையாமல் பிடித்துக்கொண்டுதான் திருக வேண்டும். பக்கத்து வீட்டில் இரவல் வாங்குங்கள், கூடப் பிடிக்க ஒரு ஆளும் இருக்கட்டும். பூச்சு கீறாமல் இருக்கப் பழைய துணியை நடுவில் வையுங்கள். திருகும்போது ஸ்பிண்டில் முழுதாகத் திறந்த நிலையில் இருக்க வேண்டும், திரும்ப மாட்டும்போதும் அப்படியே. மூடிய நிலையில் இறுக்கினால் புது வாஷர் அப்போதே நசுங்கும்.

அசையவில்லையா? அடிக்காதீர்கள். வினிகரில் நனைத்த துணியை இணைப்பைச் சுற்றிக் கட்டி, அதன் மேல் ஒரு பிளாஸ்டிக் பையைக் கட்டி இரண்டு மணி நேரம் விடுங்கள். உப்பு இளகும். டாய்லெட் ஆசிட் பக்கம் போகவே வேண்டாம், மிச்சமிருக்கும் பூச்சையும் தின்றுவிடும்.

எடுத்த பாகத்தை அப்படியே பையில் போட்டு லாரன்ஸ் ரோட்டில் ஏதாவது ஹார்டுவேர் கடைக்குக் கொண்டுபோங்கள். அரை இஞ்சு வாஷர் என்று வாயால் கேட்டால் ஏதோ ஒன்றைத் தருவார்கள். பழையதின் மேல் வைத்துப் பார்த்து, அதே அகலம், அதே துளை இருந்தால் வாங்குங்கள். இரண்டாக வாங்கி வையுங்கள்.

லாஸ்பேட்டை அக்கா:

ஐயா சொன்னது நாலைந்து சுற்று சுற்றும் குழாய்க்கு. இதைப் படிக்கிற மற்றவர்களுக்காக எழுதுகிறேன். எங்கள் புதுச்சேரி வீட்டில் இருப்பது கால் சுற்றுக் குழாய், அதில் வாஷரைத் தேடினால் கிடைக்காது. ஒன்றன்மேல் ஒன்று உரசும் இரண்டு செராமிக் வில்லைகள்தான் தண்ணீரை அடைக்கின்றன. சொட்டினால் ஸ்பிண்டிலையே மொத்தமாக மாற்ற வேண்டும்.

நான் இதில் இரண்டு தடவை கடைக்கு அலைந்தேன். முதல் தடவை கையை வீசிக்கொண்டு போய் ஒன்றை வாங்கி வந்தேன், கைப்பிடி அதில் உட்காரவில்லை. ஸ்பிண்டிலின் தலையில் இருக்கும் பற்களின் எண்ணிக்கை ஒவ்வொரு கம்பெனிக்கும் மாறும், நீளமும் மாறும். சிலது வலப்பக்கம் திறக்கும், சிலது இடப்பக்கம். இரண்டாம் தடவை பழையதையும் கைப்பிடியையும் சேர்த்தே கொண்டுபோய்க் கடையிலேயே மாட்டிப் பார்த்து வாங்கினேன். மாட்ட ஐந்து நிமிடம் கூட ஆகவில்லை.

இன்னொன்று. வாத்துக் கழுத்து மாதிரி வளைந்த குழாய் என்றால் மூடிய பிறகு வளைவில் நிற்கும் தண்ணீர் கொஞ்ச நேரம் சொட்டிவிட்டு நின்றுவிடும். அது பழுதில்லை. நுனியில் இருக்கும் சல்லடையைக் கழற்றி வினிகரில் ஊற வைத்துக் கழுவினால் அதுவும் குறையும்.

கெடிலக்கரை:

ஐயா, அக்கா, ரொம்ப நன்றி. இன்று காலை இறங்கிவிட்டேன். ஆனால் கேட் வால்வு முழுதாக மூடவில்லை, எவ்வளவு சுற்றினாலும் சமையலறைக் குழாயில் நூல் மாதிரி தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. கடைசியில் கீழ் வீட்டு அக்காவிடம் சொல்லி, அவர்கள் குளியலறைக் குழாயைத் திறந்து பக்கெட்டுகளில் பிடித்துக்கொண்டார்கள். தண்ணீர் கீழே போய்விட்டதால் மாடியில் வருவது நின்றது. பிடித்த தண்ணீர் துணி துவைக்க ஆயிற்று. பிறகு அவரே மேலே வந்து பைப் ரிஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

ஒரு தடவை வினிகர் கட்டிய பிறகு கழன்றது. வாஷரில் வட்டமாக ஒரு பள்ளம் விழுந்திருக்கிறது, நகத்தால் அழுத்தினால் கொஞ்சம்கூட அமுங்கவில்லை. வாஷர் இரண்டு வாங்கி வந்துவிட்டேன், பத்து ரூபாய்தான். ஆனால் டார்ச் அடித்துப் பார்த்தபோது சீட்டின் ஒரு பக்கம் சின்னக் கீறல் மாதிரி தெரிகிறது. விரலால் தடவினால் லேசாக உறுத்துகிறது. இப்படியே மாட்டலாமா?

முதுநகர்க்காரன்:

மாட்டாதீர்கள் அம்மா. அந்தக் கீறல் வழியாகத் தண்ணீர் தொடர்ந்து போய்த்தான் பள்ளம் ஆழமாகும். புது வாஷர் ஒரு மாதம் தாங்கும், பிறகு பழைய கதைதான்.

லேசாக உறுத்துகிறது என்றால் கையாலேயே சரி செய்யலாம். கடையில் ஜீரோ எமரி ஷீட் கேளுங்கள். உள்ளே நுழையும் அளவுக்கு ஒரு மரத்துண்டு வேண்டும், பழைய பூரிக்கட்டையின் கைப்பிடி முனை மாதிரி. அதன் முகம் தட்டையாக இருக்க வேண்டும், அது முக்கியம். எமரியை வட்டமாக வெட்டி அதில் ஒட்டி, சீட்டின் மேல் நேராக நிறுத்தி, லேசாக அழுத்திச் சுற்றுங்கள். பத்துச் சுற்று, துடைத்துத் தடவிப் பாருங்கள், தேவையென்றால் இன்னொரு பத்து. சாய்த்தால் சீட் ஒரு பக்கம் தாழ்ந்துவிடும். நகம் மாட்டும் அளவுக்குப் பள்ளம் இருந்தால் மட்டும் கையால் முடியாது, சீட் கட்டர் வைத்திருப்பவரைக் கூப்பிட வேண்டும்.

கேட் வால்வை மேலும் முறுக்காமல் விட்டீர்களே, அதுதான் நல்லது. பழைய வால்வின் தண்டு முறிந்தால் நான்கு குடித்தனமும் நிற்கும். வால்வு மூடவில்லை என்று வீட்டுக்காரரிடம் இப்போதே சொல்லி வையுங்கள், அதை மாற்றுவது அவர் பொறுப்பு.

உப்பலவாடி:

மாட்டும் முன் பைப்பை ஒரு தடவை அலசி விடுங்கள். 2024 டிசம்பரில் பெண்ணையாற்று வெள்ளம் எங்கள் பக்கம் வந்தபோது தரைத் தொட்டிக்குள் வண்டல் இறங்கிவிட்டது. தொட்டியைக் கழுவினோம், பைப்பை மறந்துவிட்டோம். இரண்டு குழாய்க்குப் புது வாஷர் போட்டு ஒரே வாரத்தில் திரும்பச் சொட்டியது. திறந்து பார்த்தால் ரப்பரில் மணல் பதிந்திருந்தது. ஸ்பிண்டிலை மாட்டாமல், அது உட்காரும் துளையை மட்டும் துணியால் மூடிக்கொண்டு, தண்ணீரைக் கொஞ்சம் திறந்துவிட்டு ஒரு பக்கெட் பிடியுங்கள். எமரித் தூளும் அதிலேயே போய்விடும்.

கெடிலக்கரை:

முடிந்துவிட்டது! எமரியை மூன்று தடவை போட்டேன், முப்பது சுற்று. விரலுக்கு இப்போது வழவழவென்று இருக்கிறது. அப்புறம் உப்பலவாடிக்காரர் சொன்னபடி பக்கெட் பிடித்தேன், அடியில் பழுப்பாகத் துருத்தூளும் வெள்ளைத் துணுக்குகளும் நின்றன. அதைப் பார்த்த பிறகுதான் எதற்காகச் சொன்னார் என்று புரிந்தது.

மாட்டித் தண்ணீரை விட்டதும் கைப்பிடிக் கழுத்தில் ஒரு துளி கசிந்தது, நெஞ்சே அடைத்துவிட்டது. ஐயா முதலில் எழுதியதைத் திரும்பப் படித்தேன். திறந்திருக்கும்போது கழுத்தில் வந்தால் கிளாண்ட். அங்கே இருந்த சின்ன நட்டைக் கால் சுற்று இறுக்கினேன், நின்றுவிட்டது.

இரவு பத்து மணிக்குக் குழாய்க்கு அடியில் காய்ந்த தட்டு ஒன்றை வைத்துவிட்டுப் படுத்தேன். காலை ஐந்தரைக்குப் பார்த்தபோது ஒரு சொட்டுக்கூட இல்லை. மாமியார் இரண்டு விரலால் திறந்து காபிக்குத் தண்ணீர் பிடித்து, இரண்டு விரலால் மூடினார். கீழ் வீட்டு அக்காவின் குழாயும் லேசாகச் சொட்டுகிறதாம். மிச்சமிருக்கும் வாஷரோடு ஞாயிற்றுக்கிழமை அங்கே போகிறோம். வீட்டுக்காரர் கேட் வால்வை அன்றைக்கே மாற்றித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.