8 வயது மகளுக்குப் பல் கடி சரியில்லை: திருகோணமலையில் எங்கே காட்டலாம்?

வணக்கம், நாங்கள் உப்புவெளியில் இருக்கிறோம். மகளுக்கு 8 வயது. வாயை மூடும்போது வலப்பக்க மேல் கடைவாய்ப் பற்கள் கீழ்ப் பற்களுக்கு உள்ளே போய் இறங்குகின்றன. தாடையும் லேசாக அந்தப் பக்கம் நகர்கிறது. சோறு மெல்லும்போது பார்த்தால் நன்றாகவே தெரியும்.

"பால் பல் எல்லாம் விழட்டும், பிறகு கிளிப் போடலாம்" என்கிறார்கள் சொந்தக்காரர்கள். வெறும் பல் நெளிவு என்றால் சரி, நானும் பொறுத்திருப்பேன். ஆனால் அமெரிக்கப் பல் சீரமைப்பு மருத்துவர் சங்கம் 7 வயதுக்குள்ளேயே ஒருமுறை காட்டச் சொல்கிறது. காட்டினால் உடனே கிளிப் என்று இல்லை. பல பிள்ளைகளுக்கு வளர்ச்சியைக் கவனித்துவந்தாலே போதும். இவளுக்கு இருப்பதுபோல் கடி மாறியிருந்தால்தான் விஷயம் வேறு. மேலண்ணத்தின் நடுவில் இரு எலும்புகள் சேரும் பொருத்து இறுகுவதற்கு முன், ஒடுங்கிய மேல்தாடையை விரிப்பது சுலபம். அதனால்தான் எனக்கு அவசரம்.

திருகோணமலை பொது வைத்தியசாலையில் இதற்கான நிபுணரிடம் காட்ட முடியுமா, கடிதம் ஏதும் வேண்டுமா? பேராதனைப் பல் வைத்தியசாலைக்குப் பிள்ளையைக் கொண்டுபோனவர்கள் எவ்வளவு காலம் காத்திருந்தீர்கள்? தனியாரில் என்ன செலவு வரும்?

அப்புறம், அவள் இன்னும் நித்திரையில் விரல் சூப்புகிறாள். உங்கள் வீட்டில் அதை நிறுத்த எது உதவியது என்றும் சொல்லுங்கள்.