டூம் ஆஃப் ஹாரர்ஸ்: 1975-ல் ஆடியது 1978 வரை ஏன் அச்சாகவில்லை?

வைகை வடகரை:
கே.கே. நகரில் ஞாயிறு சாயங்காலம் நாங்கள் சிலர் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிறோம். ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் ஆளுக்கொரு கேரக்டராக ஆடும் மேஜை ஆட்டம். இந்த முறை நான்தான் நடத்துகிறேன், டூம் ஆஃப் ஹாரர்ஸ் (Tomb of Horrors) என்ற ஆயத்தக் குகைச் சாகசத்தை எடுக்கலாம் என்று யோசனை. இந்த ஆட்டத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான கேரி கைகாக்ஸ் இதை 1975-லேயே பால்டிமோரில் நடந்த முதல் ஆரிஜின்ஸ் விளையாட்டுக் கூடுகையில் போட்டியாக நடத்திவிட்டார். புத்தகத்திலோ 1978 என்று இருக்கிறது. கையில் இருந்த சரக்கை எதற்கு அத்தனை நாள் பூட்டி வைத்தார்கள்? அப்புறம், இப்போது ஆட எந்தப் பதிப்பு தோது?

டிரெடில் தாத்தா:
பூட்டியெல்லாம் வைக்கவில்லை தம்பி, விலை போகும் என்று தோன்றவில்லை. குகையையும் பொறியையும் அவரவரே வரைந்துகொள்வதில்தான் சுகம், அடுத்தவன் வரைந்ததை எவன் காசு கொடுத்து வாங்குவான் என்பது இந்த ஆட்டத்தை வெளியிட்ட டிஎஸ்ஆர் கம்பெனியின் கணக்கு. நம்ம ஊரில் கோலம் தெரியாத வீடு ஏது? ஆனாலும் புதுமண்டபத்தில் கோலப் புத்தகம் போய்க்கொண்டேதான் இருந்தது. நானே அடித்துக் கொடுத்திருக்கிறேன். 1976-லிருந்து ஜட்ஜஸ் கில்டு என்ற வெளிக் கம்பெனி இதே மாதிரி சரக்கை விற்றுக் காட்டிய பிறகுதான் டிஎஸ்ஆருக்கு உறைத்தது. 1978-ல் ராட்சதர் வரிசை முதலானவற்றை வரிசையாக இறக்கினார்கள். அந்த வருஷமே எஸ்1 என்ற எண்ணோடு இதுவும் வந்தது.

அச்சுக்காரன் கண்ணுக்கு அந்த முதல் பதிப்பு ஒரு விருந்து. ஆட்டத்துக்கு 12 பக்கம், ஆடுகிறவர்களிடம் காட்ட மட்டும் 20 பக்கத்தில் தனிப் படப் புத்தகம்! அட்டையைப் பின் அடித்துச் சேர்க்கவில்லை. உள்பக்கம் வரைபடம், பிரித்து நிறுத்தினால் நடத்துபவருக்கு மறைப்பு. மேலட்டை ஒற்றை வண்ணம்தான். முழு வண்ண அட்டை 1981-ல் வந்தது.

1987-ல் எஸ்1 முதல் எஸ்4 வரை நான்கையும் ரெல்ம்ஸ் ஆஃப் ஹாரர் என்று ஒன்றாகக் கட்டினார்கள். எனக்கு அது பிடிக்காது, நறுக்கிவிட்டார்கள். 1998-ல் புரூஸ் கார்டெல் எழுதிய தொடர்ச்சி பெட்டியாக வந்தபோது பழையதன் மறுபதிப்பையும் உள்ளே வைத்தார்கள். யாராவது அதை உருவி ‘ஒரிஜினல்’ என்று நீட்டினால் ஏமாந்துவிடாதே.

மேலூர்க்காரன்:
ஆடுவதற்கு 2017-ல் வந்த டேல்ஸ் ஃப்ரம் தி யானிங் போர்ட்டல் போதும். ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்பு விதிகளுக்கு மாற்றி எழுதியது. ஆனால் ஆட்களை முன்கூட்டியே எச்சரித்துவிடுங்கள். என் கேரக்டரை ஜெயிக்க ஆள் இல்லை என்று பீற்றியவர்களின் கொழுப்பை அடக்கத்தான் கைகாக்ஸ் இதை எழுதினார். பச்சைப் பேய்முகத்தின் வாய்க்குள் தலையை விட்டவன் அதோடு காலி. எங்கள் மேஜையில் ஒருவன் போனதைப் பார்த்துவிட்டு, ‘உள்ளே ஏதோ இருக்குடா’ என்று அடுத்தவனும் போனான். கைகாக்ஸோடு ஆடிய ராப் குன்ட்ஸின் கேரக்டர் ரோபிலார் விவரமானவன், ஆர்க் என்ற அரக்கர் கூட்டத்தை முன்னால் அனுப்பிவிட்டுப் பின்னால் நடந்தான்.

வைகை வடகரை:
சரி, விதிக்கு 2017 புத்தகம், படங்களுக்குப் பழையதன் பிடிஎஃப்பைக் காசு கொடுத்து வாங்கிக்கொள்கிறேன். தாத்தா, படங்களை எந்தத் தாளில் எடுக்க?

டிரெடில் தாத்தா:
ஆர்ட் பேப்பர் வேண்டாம், டியூப்லைட்டில் பளபளத்துக் கோடே தெரியாது. பளபளப்பில்லாத சாதா மேப்லித்தோ தாள், கொஞ்சம் கனமானதாகக் கேள். ஒரு பக்கம் மட்டும் அடி. இரண்டு பக்கமும் அடித்தால் அடுத்த அறையின் படம் எதிரில் இருப்பவனுக்குத் தெரிந்துவிடும்.