மனம் பிறழ்வதைக் காட்டும் படங்கள்: உங்களை இன்னும் விடாத காட்சி எது?

'தி ஃபாதர்' பார்த்து ஒரு வருடம் ஆகிறது, இன்னும் என்னை விடவில்லை. மறதி நோய் வந்த ஒரு முதியவரின் கதை, நேராக விஷயத்துக்கு வருகிறேன். திடீரென்று வீடு மாறியிருந்தது. சாமான்கள் வேறு, மகளாக வருவதும் வேறு பெண். ஏதோ காட்சியைத் தவறவிட்டேன் என்று நினைத்துப் பத்து நிமிடம் பின்னால் ஓட்டிப் பார்த்தேன். எதையும் தவறவிடவில்லை. ஆண்டனி ஹாப்கின்ஸ் தவித்து நிற்கிற அதே இடத்தில்தான் இயக்குநர் என்னையும் நிறுத்தியிருக்கிறார் என்று புரிந்ததும் கை சில்லிட்டுவிட்டது.

என் பாட்டி கடைசி இரண்டு வருடமும் சொந்த வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்துகொண்டு, "இருட்டுறதுக்குள்ள வீட்டுக்குப் போயிடலாம்ப்பா" என்பார். மடியில் ஒரு துணிப்பை, அதற்குள் சீப்பும் மடித்த புடவையும். "இதுதான் பாட்டி உங்க வீடு" என்று நான் ஒவ்வொரு முறையும் வாதாடுவேன், சுவரில் மாட்டியிருக்கும் தாத்தா படத்தைக் காட்டுவேன், வாசல்வரை கூட்டிப்போய்க் காட்டுவேன். அவர் பையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொள்வார். ஒருநாளாவது "சரி, போலாம் வாங்க" என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

* * *

உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் மறதி நோயையும் மனநோயையும் ஒரே தலைப்பில் போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. பாட்டிக்கு மறதி என்றால் ஊரே பரிதாபப்படும், என் அண்ணனுக்கு வந்ததற்கு யாரும் அப்படிப் பரிதாபப்படவில்லை.

'சேது' தொலைக்காட்சியில் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணன் அப்போது மாத்திரை சாப்பிட்டுக் கொஞ்சம் தேறியிருந்தான். விக்ரம் மொட்டைத் தலையோடு, சங்கிலியோடு உட்கார்ந்திருக்கும் காட்சி வந்தது. சேனலை மாற்றினால் அவனுக்காகத்தான் மாற்றுகிறோம் என்று தெரிந்துவிடுமே என்று யாரும் ரிமோட்டைத் தொடவில்லை. அவன் திரையைப் பார்த்தபடியே கேட்டான்: "எனக்கு ரொம்ப முடியாமப் போனா என்னையும் இப்படிக் கட்டிப் போட்டுடுவீங்களா?"

அம்மா உடனே "ச்சீ, என்ன பேச்சு இது" என்றார். நான் பேசாமல் இருந்துவிட்டேன். மாட்டோம் என்று ஒரு வார்த்தை, அவ்வளவுதான் வேண்டியிருந்தது.

* * *

அண்ணனைப் பற்றி எழுதியவருக்கு: தலைப்பில் எனக்குச் சண்டை இல்லை. நானே அந்த நோய் வந்தவள்தான்.

'எ பியூட்டிஃபுல் மைண்ட்' 2001-இல் வந்த படம், நான் ரொம்பத் தாமதமாகத்தான் பார்த்தேன். மனச்சிதைவு வந்த கணித மேதை ஜான் நாஷ் மனைவியின் காருக்கு முன்னால் ஓடிவந்து, தன் கண்ணுக்கு மட்டும் தெரிகிற அந்தச் சிறுமிக்கு வயதே ஏறவில்லை என்பாரே, அங்கே உடைந்து அழுதேன். இத்தனை வருடமாகப் பார்த்த குழந்தை வளரவே இல்லை, அதனால் அவள் நிஜம் இல்லை. எவ்வளவு தெளிவான ஆதாரம்! எனக்கு அப்படி ஒன்று கிடைக்கவே இல்லை. எனக்கு வந்தது குரல் மட்டும்தான். குரலுக்கு ஏது வயது? அடுத்த அறையிலிருந்து என் அத்தை கூப்பிடுவது போலவே கேட்கும், எழுந்து போய்ப் பார்ப்பேன், அறை காலியாக இருக்கும், திரும்பி வந்து உட்கார்ந்ததும் மறுபடி கூப்பிடும்.

நிஜ நாஷுக்கும் குரல்கள்தான் கேட்டன, ஆட்கள் தெரியவில்லை. திரையில் காட்ட வேண்டுமே என்று படத்துக்காக ஆட்களை உருவாக்கினார்கள். அதில் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் படம் பார்த்த சொந்தக்காரர்கள் இப்போது "யாராவது தெரியறாங்களா?" என்றுதான் கேட்கிறார்கள். இல்லை என்றால் குணமாகிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

* * *

என் கதை சின்னது. 'ஒன் ஃப்ளூ ஓவர் த குக்கூஸ் நெஸ்ட்' படத்தில் மனநல மருத்துவமனையில் ஜாக் நிக்கல்சனை நினைவோடு படுக்க வைத்து, வாயில் கட்டையைக் கொடுத்து, மின் அதிர்ச்சி கொடுப்பார்கள். கல்லூரியில் பார்த்தது. பல வருடம் கழித்து, அம்மா சாப்பாட்டையே நிறுத்திவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தபோது மருத்துவர் அதே சிகிச்சையைச் சொன்னார். அந்தக் காட்சிதான் கண்ணுக்குள் வந்தது, முடியாது என்று எழுந்து வந்துவிட்டேன். எட்டு மாதம் கழித்துத்தான் சம்மதித்தேன். மயக்க மருந்து கொடுத்துத் தூங்க வைத்துத்தான் செய்தார்கள். ஐந்தாவது முறைக்குப் பிறகு அம்மா "பசிக்குது" என்றார். அந்த எட்டு மாதத்துக்கு நான் யாரிடம் பதில் சொல்வது?

அதனால் எல்லோருக்கும் சொல்கிறேன். 1975-இல் வந்த படம் அது, கதை நடப்பது அதற்கும் முன்னால், 1963-இல். இன்று மயக்க மருந்தோடு தசைகளைத் தளர்த்தும் மருந்தும் கொடுப்பதால் உடம்பு அப்படித் தூக்கிப் போடாது. சிலருக்குச் சில காலத்து நினைவுகள் போகலாம், அதையும் முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், அம்மாவுக்கும் அந்த வருடத்தின் சில விஷயங்கள் திரும்ப வரவில்லை. அப்புறம், 'அந்நியன்' பார்த்துவிட்டு மனச்சிதைவு என்றால் ஒரு உடம்புக்குள் மூன்று பேர் என்று பேசாதீர்கள், அந்தப் படத்தில் வருவது பன்முக ஆளுமை, இரண்டும் வேறு வேறு. குரல் கேட்பதாக எழுதிய சகோதரி, தயவுசெய்து மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், தூக்கம் கெடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் நோயாளி இருந்தால் இந்த மாதிரிப் படங்களை முதலில் நீங்கள் தனியாகப் பார்த்துவிடுங்கள். முடிந்தால் பகலில் பாருங்கள்.

* * *

மாத்திரையை நிறுத்துவதாக நான் எங்கே எழுதினேன்? பதினோரு வருடமாக ஒருநாள் தவறாமல் சாப்பிடுகிறேன். உங்கள் அம்மா "பசிக்குது" என்றதைப் படித்தபோது தொண்டை அடைத்தது, அதை இன்னும் கொஞ்சம் எழுதியிருக்கலாம்.

* * *

'மூன்றாம் பிறை' என்றால் எல்லோரும் கமலைத்தான் பேசுகிறார்கள். நினைவிழந்த ஸ்ரீதேவியைப் பார்த்துக்கொண்டவர் அவர், குணமானதும் ஸ்ரீதேவிக்கு அவரை அடையாளமே தெரியாது. ரயில் நகரும், தலையில் பாத்திரத்தை வைத்துக்கொண்டு ஆடுவார், விழுவார், எழுந்து மறுபடி ஆடுவார். நானும் அவருக்காக அழுதவன்தான். எனக்கு விபத்து நடக்கும்வரை.

தலையில் அடி. நான்கு மாதம் எனக்கு இல்லவே இல்லை, வீட்டில் சொல்லித்தான் தெரியும். அந்த நாட்களில் ஓர் அக்கா பகலெல்லாம் என்னோடு இருந்து சோறு ஊட்டினாராம், அவர் கையில் மட்டும்தான் சாப்பிடுவேனாம். இரண்டு வருடம் கழித்து ஒரு கல்யாண வீட்டில் ஒரு பெண் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடிவந்து என் கன்னத்தைத் தொட்டு, "தம்பி, நல்லாயிட்டியா!" என்றார். நான் ஒரு அடி பின்னால் போய், "நீங்க யாருங்க?" என்றேன்.

அவர் கையை எடுத்துவிட்டு, "ஒண்ணுமில்லப்பா, நல்லா இரு" என்று சிரித்தார். அம்மா வந்து சொல்வதற்குள் பந்தியில் கலந்துவிட்டார், தேடினேன், ஆனால் நான் தேடிய முகம் எது என்றே அரைமணி நேரத்தில் எனக்குக் குழம்பிவிட்டது. அதற்குப் பிறகு அந்தப் படத்தில் ஸ்ரீதேவி ரயில் ஜன்னல் வழியாகப் பார்க்கிற பார்வையை மட்டும் என்னால் பார்க்க முடியவில்லை.